கேத்தலின் அடியில் வெண்படை

பழுகாமத்திலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். அவர் குடியிருப்பது தாயார் சீதனமாகத் தந்த வீடு. ஊரின் உட்புறத்தில், வயற்பக்கமாக உள்ளது. வளவிலே தோண்டிய குழாய்க் கிணற்று நீரை மோட்டாரினால் மேற்றொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியே சமையலறைக்கு இறக்கிக்கொள்கிறார்கள். அவருடைய தமக்கையார் வாழ்வதோ வாவிக்கரையை அண்டிய வீட்டில். அங்கும் கிணறு, மோட்டார், தொட்டி, குழாய் என்ற அதே ஏற்பாடுதான்.

தங்கை வீட்டில் மின் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெண்படை ஏறுகின்றது. முதற் கேத்தல் ஓராண்டுக்குள் எரிந்துபோயிற்று. இரண்டாவது இப்போது தண்ணீரைக் கொதிக்க வைக்க முன்னையிலும் அதிக நேரம் எடுக்கின்றதாம். தமக்கை வீட்டுக் கேத்தலில் வெண்படை அவ்வளவாக இல்லை. ஆனால் அதன் உட்புறத்திலே கபிலநிறப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. குழாய்ப் பிடிகள் துருவேறி இறுகிவிட்டன. இரண்டு வீட்டிலும் சவர்க்காரம் நுரைப்பதில்லை என்பது மட்டும் பொது.

இந்நிலையில் விற்பனையாளர் ஒருவர் வந்து, “நீரை மென்மையாக்கும்” கருவியொன்றைக் காட்டி, இரு வீட்டுக்கும் இதுவே மருந்து, தவணையிலும் தரலாம் என்று கூறியிருக்கிறார். சகோதரியர் இருவரும் கட்டி எடுத்த சீட்டுப் பணம் கையில் இருக்கின்றது. அது மூத்த மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கி வைத்தது. “அந்தப் பணத்தில் கை வைக்கலாமா?” என்பதே அவர் கேள்வி.

கேள்வி ஒரு குடும்பத்தினுடையதாயினும், விஷயம் பலருக்கும் உரியது. படுவான்கரையில் மட்டுமன்று, இலங்கையின் உலர்வலயம் எங்கணும் கேத்தல்களின் கதை ஏறக்குறைய இதுவே. ஆகவே சற்று விரிவாகவே பதிலிறுக்க விரும்புகிறோம்.

நீரில் கல் வருவது எவ்வாறு?

வானத்திலிருந்து விழும் மழைநீரில் தாதுப்பொருள் ஏறக்குறைய எதுவும் இல்லை. அது மண்ணில் இறங்கும்போது, வேர்களும் மக்கிய தழைகளும் வெளிவிடும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு சிறிதளவு புளிப்புத் தன்மை அடைகின்றது. அப்புளிப்பு நீர் பாறையை அரித்து, கல்சியம், மக்னீசியம் என்னும் இரு தாதுக்களையும் கரைத்துக்கொண்டு நிலத்தடியில் தங்குகின்றது. இவ்விரு தாதுக்களும் மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். நம் முன்னோர் ‘வன்னீர்’ என்றும் ‘சவர்நீர்’ என்றும் சொல்லிப் பழகினாலும், இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்தது. அங்குக் கிணற்று நீர் கடினமாயிருப்பதில் வியப்பில்லை. ஆனால் படுவான்கரையின் அடித்தளம் சுண்ணக்கல் அன்று. மிகப் பழமையான பளிங்குருப் பாறை. “சுண்ணாம்புக் கல்லே இல்லாத ஊரில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?” என்று சிலர் கேட்பதுண்டு. அப்பாறையின் கனிமங்களிலும் கல்சியமும் மக்னீசியமும் உண்டு. ஆண்டில் பல மாதம் வெயில் காயும் பூமியில், நீர் ஆவியாகிப் போக, கரைந்த தாது எஞ்சி நின்று செறிகின்றது. சுண்ணக்கல் இன்றியும் நீர் கடினமாவது இதனாலேயே.

கடினத்தை ஒரு லீற்றர் நீரில் இத்தனை மில்லிகிராம் என்று அளப்பர். 60 வரையில் மென்னீர், 120 வரையில் நடுத்தரம், 180 இற்கு மேல் மிகக் கடினம் என்பது பலரும் கையாளும் வகுப்பு. குடிநீருக்கான இலங்கைத் தர நியமம் 614, 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 250 மில்லிகிராமை மேல் எல்லையாக வைத்துள்ளது.

கேத்தலுக்குள் நடப்பது என்ன?

பாறையிலிருந்து வந்த கடினத்தின் பெரும்பகுதி இருகாபனேற்று என்ற உருவில் நீரிற் கரைந்திருக்கின்றது. நீரைக் கொதிக்க வைத்தால் கரியமில வாயு ஆவியோடு பறந்துவிட, எஞ்சிய கல்சியம் கரைந்திருக்க மாட்டாமல் வெண்ணிறக் கல்லாகி அடியில் ஒட்டிக்கொள்கின்றது. கொதிக்க வைத்தாலே நீங்குவதால் இதற்குத் தற்காலிகக் கடினம் என்று பெயர். வட்டாவிலே வைத்திருக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் காய்ந்து இறுகினால் என்ன பொருளாகின்றதோ, கேத்தலிலே படிவதும் அதே பொருள்தான்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 6 லீற்றர் நீர் காய்ச்சப்படுகின்றது; நீரின் தற்காலிகக் கடினம் லீற்றருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் பிரிந்தால் நாளொன்றுக்கு 1.2 கிராம். மாதத்திற்கு 36 கிராம். ஆண்டிற்கு 400 கிராமுக்கு மேல். இதில் ஒரு பகுதி தூளாகக் கோப்பைக்குள் போய்விடும். ஆயினும் எஞ்சியது ஒட்டினாற்கூடப் போதும், கேத்தலின் ஆயுள் குறைந்துவிடும்.

எவ்வாறெனில், இந்த வெண்கல் வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. உலோகத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு மந்தமானது. அடியிலுள்ள மின்சுருள் தரும் வெப்பம் நீரைச் சேராமல் படையின் கீழே தேங்குகின்றது. நீர் தாமதித்துக் கொதிக்கின்றது, மின்கட்டணம் ஏறுகின்றது, சுருளோ தாங்கக்கூடிய சூட்டையும் மீறிக் காய்ந்து ஒருநாள் அறுந்துவிடுகின்றது. தங்கை வீட்டுக் கேத்தல் எரிந்ததற்கு இதுவே காரணம் என்று கொள்ள இடமுண்டு. கேத்தல் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைக் குறை கூறுமுன், அடியிலுள்ள படையைப் பார்ப்பது நியாயம்.

வாவிக்கரையின் நோய் வேறு

இனித் தமக்கையாரின் வீட்டுக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி முகத்துவாரங்கள் வழியே கடலோடு தொடர்புடையது. அதன் நீர் மாரியில் இளகியும் கோடையில் உவர்த்தும் மாறிமாறி நிற்பது. கரையோரக் கிணற்றில் அந்த உவர்நீர் சிறிதளவு கசிந்து கலந்தாலும் போதும், கிணற்றின் குணம் மாறிவிடும்.

கடல்நீரில் கறியுப்பு மட்டும் இல்லை. லீற்றருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கல்சியமும் உள்ளன. கடினக் கணக்கில் இது 6,000 மில்லிகிராமுக்கும் அதிகம். 100 பங்கு கிணற்று நீரில் 5 பங்கு கடல்நீர் சேர்ந்தால், அதனால் மட்டுமே கடினம் 300 மில்லிகிராம் கூடிவிடும். சவர்க்காரம் நுரைக்காது. ஆனால் இக்கடினம் கொதிக்க வைத்தாலும் பெரும்பாலும் பிரிவதில்லை. நிரந்தரக் கடினம் என்பது இதுவே. ஆகையால் கேத்தலில் வெண்படை குறைவு. அதற்குப் பதிலாக, உப்பிலுள்ள குளோரைட்டு உலோகத்தைக் கடிக்கின்றது. துருப்பிடிக்காத உருக்கு என்று நாம் நம்பும் உருக்கைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய தோல் ஒன்றே. அத்தோலைக் குளோரைட்டு துளைத்துவிட்டால், ஊசிமுனை போன்ற புள்ளிகளாய்த் துரு இறங்கும். கபிலநிறப் புள்ளிகளும் இறுகிய குழாய்ப் பிடிகளும் சொல்வது இதைத்தான்.

ஒரே ஊர், உடன்பிறந்தார் இருவர், நுரையாத சவர்க்காரமும் ஒன்றே. ஆயினும் ஒரு வீட்டின் குறை கல். மற்ற வீட்டின் குறை உப்பு. நோய் இரண்டாயிருக்க மருந்து ஒன்றாயிருக்க முடியுமா?

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

எந்த நோய் என்று அறிய முதலில் நாவையே நம்பலாம். பாறைக் கடினம் மிகுந்த நீர் சற்றுக் கனத்த சுவையாயிருக்கும், கரிக்காது. உவர் கலந்த நீர் கரிக்கும். கோடையில் கரிப்பு மிகுந்து மாரியில் குறையுமாயின் ஐயம் வேண்டியதில்லை.

இரண்டாவது, சவர்க்காரச் சோதனை. ஒரே அளவான மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழைநீர், மழைநீர் இல்லாத காலத்தில் வாகனப் பற்றரிக்கு விற்கும் வடித்த நீரைச் சோதனைக்கு மாத்திரம் உபயோகிக்கலாம். இரண்டாவதில் உங்கள் குழாய் நீர். மூன்றாவதில், அதே குழாய் நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்த பின் மேலாக வடித்தது. மூன்றிலும் பாதியளவு நீர் இருக்கட்டும். சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்த நீரில் ஒவ்வொரு தேக்கரண்டி விட்டு, ஒரே விதமாகக் குலுக்குங்கள். சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் இதற்கு ஆகா. கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவையாதலால், அவை நம்மை ஏமாற்றிவிடும்.

மழைநீர் நுரைக்கக் குழாய் நீர் தயிர்போலத் திரிந்து நின்றால் கடினம் உண்டு. கொதித்த நீர் நன்றாக நுரைத்தால் அது தற்காலிகக் கடினம். கொதித்த பின்னும் நுரைக்க மறுத்தால் நிரந்தரக் கடினம். பல கிணறுகளில் இரண்டும் கலந்தே இருக்கும். எது மிகுதி என்பதையே நாம் காண வேண்டும். அயல்வீட்டுக் கிணற்றின் முடிவு உங்கள் கிணற்றுக்குப் பொருந்தும் என்று எண்ணற்க. வேலிக்கு அப்புறமும் இப்புறமும் நீர் மாறுவதுண்டு.

கருவி வாங்கலாமா?

விற்பனையாளர் காட்டியது பெரும்பாலும் அயன் மாற்றுக் கருவியாக இருக்க வேண்டும். அதனுள்ளே உள்ள பிசின்மணிகள் நீரிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றிற்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். தங்கை வீட்டு நீருக்கு இது வேலை செய்யும். ஆனால் உப்பு வாங்கும் செலவும், கழுவும் வேலையும் காலமெல்லாம் தொடரும். நீக்கும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்துக்கும் ஏறக்குறைய 46 மில்லிகிராம் சோடியம் நீரிற் சேரும். இரத்த அழுத்தமுள்ளோர் இருக்கும் வீட்டிலும், கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டிலும் அந்நீரைக் குடிக்க வைக்காதிருத்தல் நன்று.

தமக்கை வீட்டுக்கோ இக்கருவியால் ஆவது சொற்பம். அது கறியுப்பை நீக்காது. நீர் முன்போலவே கரிக்கும். உருக்கு முன்போலவே துருப்பிடிக்கும். உப்பை நீக்க வல்லது மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்தும் வேறொரு முறை. அதற்கு விலையும் அதிகம். உட்செல்லும் நீரில் கணிசமான பங்கு உப்பேறிய கழிவாக வெளியே போய்விடும். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டினால் போதும் என்று கூறுவோரும் உளர். காந்தம் நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துவிடுவதில்லை.

ஆகவே நமது பதில் தெளிவானது. கேத்தலைக் காப்பதற்காக மகளின் படிப்புப் பணத்தை எடுக்க வேண்டா. இரண்டாவது வீட்டுக்கு அதே கருவியை வாங்குவது பணத்தை வாவியில் விடுவதற்கு ஒப்பாகும்.

செலவு குறைந்த வழிகள்

கேத்தலின் வெண்படைக்குப் புளிப்பே பகை. வினாகிரியும் நீரும் சம அளவில் விட்டு, சூடாக்கி, நிறுத்தி, அரைமணி நேரம் ஊறவிடுங்கள். படை குமிழியிட்டுக் கரையும். தேசிக்காய்ச் சாறும் இவ்வேலையைச் செய்யும். ஊற்றிவிட்டு, இரண்டு தடவை வெறும் நீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிய பின் உபயோகிக்கலாம். மாதம் ஒருமுறை செய்தால் படை தடிக்க வழியில்லை. கத்தியாற் சுரண்டுதல் ஆகாது. தரைக்கல் துலக்க விற்கும் கடும் அமிலத்தைக் கேத்தலில் விடுவது ஆபத்து. வெளிற்றும் தூளோடு எந்தப் புளிப்பையும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு எழும். இன்னொன்று: காய்ச்சிய நீரைக் கேத்தலில் தேக்கி வைக்காமல், ஒவ்வொரு முறையும் வடித்துக் கவிழ்த்து வையுங்கள். இது இரு வீட்டுக்கும் நன்மை.

சலவை இயந்திரம் உள்ளோர் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. இங்குப் பலரும் தண்ணீரைச் சூடாக்காமலே துவைப்பதால் கல் அவ்வளவாகப் படியாது. ஆனால் நீர் நுழையும் வாயிலிலுள்ள சிறு சல்லடை அடைபடும். அதை அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். சவர்க்காரத்தாற் கைத்துவையல் செய்வோர், முதலில் சிறிது சலவைச் சோடாவை நீரிற் கரைத்துச் சற்று நேரம் விடலாம். அது இருவகைக் கடினத்தையும் பெருமளவு பிரித்துவிடும். பின்பு சவர்க்காரம் வீணாகாது. வெள்ளைத் துணி மங்கி விறைப்பதும் குறையும். நீராவி விடும் அயன்பெட்டிக்குக் கடின நீர் ஆகவே ஆகாது. துளைகள் அடைபட்டு, வெண்தூள் துணியிற் சிந்தும்.

அடுக்களையிலும் இதன் கைவரிசை உண்டு. வெறுந்தேநீரின் மேல் மெல்லிய ஆடை படர்வதும், கடலையும் பயறும் வேக மறுப்பதும் கடின நீரின் வேலையே. பயறின் தோலிலுள்ள பசைப்பொருளைக் கல்சியம் இறுக்கிவிடுகின்றது. கொதித்துத் தெளிந்த நீரில் ஊறவைத்தால் விறகும் எரிவாயுவும் மிச்சமாகும். தேற்றாங்கொட்டை கலங்கல் நீரைத் தெளிவிக்கும் அரிய பொருள். ஆயினும் கரைந்த கல்லை அது நீக்குவதில்லை.

உடலுக்குக் கெடுதியா?

“கேத்தலில் இவ்வளவு கல்லென்றால் சிறுநீரகத்தில் எவ்வளவு?” என்ற அச்சம் பலருக்கு உண்டு. கல்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய தாதுக்கள். உலக சுகாதார நிறுவனம் கடினத்துக்கென உடல்நல அடிப்படையில் எல்லை எதுவும் வகுக்கவில்லை. வடமத்திய மாகாணத்தில் 1990 களிலிருந்து அறியப்பட்ட சிறுநீரக நோய்க்குக் கடின நீரும் அதிலுள்ள புளோரைட்டும் காரணங்களாக ஐயுறப்படினும், முடிவு இன்னும் நிறுவப்படவில்லை. கேத்தலின் வெண்படையைக் கண்டு நடுங்கவும் வேண்டா. படை இல்லை என்று மகிழவும் வேண்டா. புளோரைட்டும் நைத்திரேற்றும் கண்ணுக்கோ நாவுக்கோ தெரியா. குடிக்கும் கிணற்று நீரை ஒரு தடவையேனும் ஆய்வுகூடத்திற் பரிசோதிப்பது அவசியம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்திலோ வழி கேட்டறியலாம்.

மோட்டாரும் மாரியும்

துலாவிலும் வாளியிலும் நீர் அள்ளிய காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. மோட்டார் அரைமணியில் தொட்டியை நிரப்புகின்றது. நன்னீர் வேகமாய்க் குறைய, அடியிலும் அருகிலும் உள்ள உவர்நீர் அந்த இடத்தைப் பிடிக்கின்றது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரைக் கிணறுகளை உப்பாக்கியபோது, அவற்றைத் துப்புரவு செய்யத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களிலும் இந்த ஆபத்து உணரப்பட்டது. ஆகவே வாவிக்கரை வீட்டார் ஒரேயடியாய் இறைக்காமல், சிறிது சிறிதாய், இடைவெளி விட்டு இறைப்பதே கிணற்றுக்குச் செய்யும் உபகாரம்.

இவையெல்லாவற்றிலும் மேலான வழி வானத்தில் இருக்கின்றது. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரையில் நம் பிரதேசத்துக்கு மாரி குறைவில்லாமற் பொழிகின்றது. 50 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 50 லீற்றர் நீர். சேதம் போக, 50 மில்லிமீற்றர் மழையிலேயே 2,000 லீற்றர்த் தொட்டி நிறைந்துவிடும்.

வீட்டுக்கு வேண்டிய நீர் முழுவதையும் மழையிலிருந்து எடுக்க முயன்றாற்றான் பெருந்தொட்டி வேண்டும். கல்லுக்கும் துருவுக்கும் இரையாகும் பண்டங்கள் சிலவே. கேத்தலுக்கு நாளொன்றுக்கு 6 லீற்றர், அயன்பெட்டிக்கும் பயறு ஊறவைப்பதற்கும் 2 லீற்றர், ஆக 8 லீற்றர் என்றால், மழையில்லாத 8 மாதத்துக்கு 2,000 லீற்றருக்குள் அடங்கும். குளிப்பதற்கும் கழுவுவதற்கும் கிணறு இருக்கவே இருக்கின்றது. முதல் மழையை விட்டுக் கூரை கழுவுண்டபின் பிடியுங்கள். வாயிலை நுண்வலையால் இறுகக் கட்டுங்கள். இல்லையேல் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டியவராவோம். குடிப்பதாயின் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

இத்திட்டம் தங்கை வீட்டுக் கல்லுக்கும் ஏற்றது. தமக்கை வீட்டு உப்புக்கும் ஏற்றது. விற்பனையாளர் தேடிய ‘ஒரே மருந்து’ ஒன்று உண்டென்றால், அது ஆண்டுதோறும் நம் கூரையில் விழுந்து, முற்றத்தில் ஓடி, வாவியிற் கலந்து வீணாகின்றது. தொட்டி வாங்கும் செலவும் சிறிதன்றுதான். ஆனால் அது ஒருமுறைச் செலவு. உப்பு வாங்க வேண்டியதில்லை. தவணை கட்ட வேண்டியதில்லை. ஒரே தடவையில் இயலாதோர் மூடியுள்ள இரு பீப்பாய்களோடு தொடங்கி, கேத்தலுக்கு மட்டும் அந்நீரை வழங்கிப் பார்க்கட்டும். அடுத்த மாரிக்கு முன்பாகப் பீலியைச் செப்பனிட்டு வைப்பதே இப்போதைக்கு வேண்டிய வேலை.